பூந்தியின் பால்பல்

முருகேஸ்வரி வீட்டு முற்றத்துக்கும் என் வீட்டு முற்றத்துக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான் இருக்கிறது. அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் என் நாயைத் திட்டினால் அவளுக்குக் கேட்கும். விஸ்வநத்தத்தில் எங்கள் தெருவே அப்படித்தான். நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை, பெயர் ஞானஜோதி. டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், இதைச் சொல்வதற்கு அப்படி ஒரு வாய் வேண்டும்.

முருகேஸ்வரிக்குப் பிறந்த ஊர் தாயில்பட்டி. பத்தாவது முடித்த கையோடு அக்கா பாண்டிலட்சுமியுடன் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். வெடிக்குள் போகிற கலவையை இங்கே மருந்து என்றுதான் சொல்வோம். அக்காவுக்கு மருந்து நிரப்புகிற அறையில் வேலை. தங்கைக்கு வெளியே வேப்பமரத்தடியில் காகிதம் ஒட்டுகிற வேலை. ஒருநாள் அக்கா தாகமாக இருக்கிறது என்று சொன்னதால் முருகேஸ்வரி பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். திரும்பும்போது அந்த அறை இல்லை. அதற்கு மேல் அவள் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நிறைந்த பாட்டிலைக் கையில் பிடித்தபடியே வீடுவரை நடந்து வந்தாளாம். அதை மட்டும் அவளுடைய அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

பிறகு அவள் கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இசக்கிப்பாண்டி வீட்டார் பெண் பார்க்க வந்து, பெரியவர்கள் நகை நட்டு பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து வந்து நடுவில் நின்றாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். மருந்து என் வீட்டு வாசப்படியத் தாண்டக் கூடாது. மத்தபடி கஞ்சியக் குடிச்சுக்கிட்டுக்கூட இருந்துக்கிருவேன்."

இசக்கிப்பாண்டி தலையாட்டினான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். குடி கிடையாது, சிரித்த முகம். யார் எதைச் சொன்னாலும் ஆட்டுகிற தலை அது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்தில் வெடித்தொழிலைத் தொடாமல் பிழைப்பது கஷ்டம். முருகேஸ்வரி வெறும் குழாய் சுற்றுகிறாள். எந்த வெடியாக இருந்தாலும் மேலே ஒரு காகிதக் குழாய் இருக்கும் இல்லையா, அதைப் பசை தடவிக் கம்பியில் சுற்றி, உருவி, மாடியில் வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டிக் கொடுக்க வேண்டும். காகிதமும் மைதாப் பசையும் தவிர அதில் ஒன்றும் கிடையாது. வளைந்துபோனது, பிரிந்துபோனது எல்லாம் கழிவு. கழிவுக் குழாய் தனிச் சாக்கில் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கும். எங்கள் தெருவில் பாதி வீட்டு வெந்நீர் அதில்தான் கொதிக்கிறது. ஒரு கை அள்ளிப் போட்டால் ஈர விறகுகூடப் பற்றிக்கொள்ளும்.

சாயங்காலம் இசக்கிப்பாண்டி வண்டியை நிறுத்தியதும் அவனை வாசலிலேயே நிற்கவைத்துச் சட்டையை முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். மருந்து வாசம் அவளுக்குத் தெருமுனையிலேயே பிடிபட்டுவிடும். கொரோனா வந்து போனதோடு அந்த மூக்கும் போயிற்று. இன்றுவரை அவளுக்கு மல்லிகையும் தெரியாது, மத்திமீனும் தெரியாது. கொஞ்ச நாள் என்னைக் கூப்பிட்டுச் சட்டையை நீட்டினாள். "டீச்சர், ஒருக்கா மோந்து பாருங்களேன்." அடுத்த வீட்டுக்காரன் சட்டையை நான் முகர்ந்து பார்ப்பதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கும் கூச்சமாகிவிட்டது, அவளும் விட்டுவிட்டாள்.

பூந்தி அந்த வீட்டுக்குப் போனது என் வீட்டிலிருந்து. முழுப்பரீட்சை சமயத்தில் என்னுடைய பொமரேனியன் ஜில்லி குட்டி போட்டது. முருகேஸ்வரியின் மகள் அழகுமீனா என் பள்ளியில்தான் நான்காவது படிக்கிறாள். இருந்ததிலேயே சின்னக் குட்டியாகப் பார்த்துப் பாவாடையில் பொதிந்து தூக்கிக்கொண்டு போனாள். வெள்ளை ரோமத்தில் அங்கங்கே மஞ்சள், அதனால் பூந்தி என்று பெயர்.

நாலு மாதத்தில் பூந்திக்குப் பல் விழத் தொடங்கியது. நாய்க்குட்டிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற காலம் வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சோதனைக்காலம். ஈறு ஊறும், எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். செருப்பு போயிற்று, துடைப்பம் போயிற்று, லோடு ஆட்டோ சீட்டில் ஒரு மூலை போயிற்று. மற்ற ஊர்களில் ரப்பரில் எலும்பு மாதிரி ஒன்று வாங்கிக் கொடுப்பார்களாம். முருகேஸ்வரி ஒரு கழிவுக் குழாயை எடுத்துத் தண்ணீரில் நனைத்து அதன் வாயில் கொடுத்தாள். அரைமணி நேரம் வீடு அமைதியாக இருந்தது. அவ்வளவுதான், அன்றிலிருந்து பூந்திக்குப் பொம்மையும் அதுதான், பிஸ்கட்டும் அதுதான். தூங்குவதும் கழிவுச் சாக்கின் மேலேதான். சமயத்தில் ஒன்றைக் கவ்விக்கொண்டு சுவரடி ஓட்டை வழியாக நுழைந்து வந்து தன் தாய்க்கும் கொடுக்கும். நாய்க்குட்டிக்கு வெடிக் குழாயைக் கடிக்கக் கற்றுக்கொடுக்கிற புத்தி எங்கள் ஊருக்குத்தான் வரும். அப்போது அது எனக்கும் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

ஆறு மாதம் ஆனபோது அழகுமீனா வகுப்பு நடுவில் எழுந்து நின்றாள்.

"டீச்சர், பூந்திக்கு டபுள் பல்லு!"

சாயங்காலம் போய் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல் தாடையில் இரண்டு பக்கமும் புதுக் கோரைப்பல் முளைத்துவிட்டது, பழைய பால் கோரைப்பல்லும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. ஊசிபோல மெல்லிசாக, பின்னால். இரண்டுக்கும் இடுக்கில் முடியும் சோறும் சிக்கி, பக்கத்தில் போனாலே வாய் நாறியது.

கால்நடை மருத்துவர் சாலமன்ராஜ் எங்கள் சபைக்காரர்தான். மேஜைமேல் பூந்தியை நிறுத்தி வாயைத் திறந்து பார்த்தார்.

"சின்ன ஜாதி நாய்ல இது சகஜம். புதுப்பல்லு வரும்போது பால்பல்லோட வேர் கரைஞ்சு, பல்லு தானா விழணும். இதுல வேர் கரையலை, புதுசு ஒதுங்கி முளைச்சிருச்சு. இப்படியே விட்டா ஈறு அழுகும், புதுப்பல்லும் கோணிரும். கொஞ்சநாள் பார்ப்போம். விழலைன்னா மயக்கம் கொடுத்து எடுத்துரலாம். நீங்களா நூலைக் கட்டி இழுத்துறாதீங்க, வேர் நீளம், உள்ள ஒடிஞ்சிரும்."

பிறகு பஞ்சால் அதன் மூக்குக்குக் கீழே துடைத்தார். பஞ்சு சாம்பல் நிறமாக வந்தது.

"என்னம்மா இது?"

"அடுப்படிலதான் சார் படுத்துக் கெடக்கும்" என்றாள் முருகேஸ்வரி.

"வாய் ரொம்ப நாறுதோ?"

"குமட்டுது" என்றேன் நான்.

"பல்லுதான் காரணம்" என்று பஞ்சைக் கூடையில் போட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாயைக் கொண்டுபோன இரண்டு பேரும் அடுப்புச் சாம்பல் என்றும் வாய் நாற்றம் என்றும் அடித்துச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்தது. லைசென்ஸ் இல்லாமல் வீடுகளில் வெடி செய்கிறவர்களைப் பிடிக்கச் சோதனை நடக்கிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. தெருவில் சில கதவுகள் பகலிலும் சாத்தியே இருந்தன. முருகேஸ்வரி வீட்டை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவள் வைராக்கியம்தான் ஊருக்கே தெரியுமே. அந்த நாட்களில்தான் இசக்கிப்பாண்டியிடம் சில நல்ல பழக்கங்கள் தென்பட்டன. முற்றத்தில் உட்கார்ந்து பீடி பிடிக்கிறவன், பீடிக்குத் தெருமுனைவரை நடந்தான். வண்டியை நிறுத்தியதும் பொதுக்குழாயில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தான். குழாய் மூட்டைகளைத் தகரக் கொட்டகைக்குள் அவனே அடுக்கினான், பெண்டாட்டியைத் தூக்கவிடவில்லை. மகளிடம், "கொட்டகைக்குள்ள போகாத தாயி, தேள் கெடக்கு" என்றான்.

"ஒம் புருசனுக்குப் பொறுப்பு வந்துருச்சுடி" என்று நானே முருகேஸ்வரியிடம் மெச்சிச் சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்வந்து கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் முருகேஸ்வரி மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, அண்டாவில் தண்ணீர் நிறைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். கழிவுச் சாக்கிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டாள். விறகு பற்றி அண்டாவில் ஆவி வரத் தொடங்கியதும் இன்னொரு கை போட்டாள். எண்ணெய்த் தலையோடு அழகுமீனா பூந்தியை மடியில் போட்டு உதட்டைத் தூக்கியவள் கூவினாள்.

"அம்மா! ஒரு பக்கத்துப் பல்லு விளுந்துருச்சு!"

பிள்ளைகளுக்குப் பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது இங்கே வழக்கம், அப்போதுதான் புதுப்பல் வரிசையாக முளைக்குமாம். பூந்திக்குப் புதுப்பல் ஏற்கெனவே முளைத்தாயிற்று என்று நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். அவள் கேட்கவில்லை. பல்லைத் தேடி எடுத்து எறிந்தே ஆக வேண்டும் என்று பூந்தி படுக்கிற சாக்குக்குள் கையைவிட்டுத் துழாவினாள். முருகேஸ்வரி மூன்றாவது கை குழாயை அள்ளிக்கொண்டு மகள் அடிக்கிற கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கெடச்சிருச்சும்மா! குளாய்ல குத்திக்கிட்டு நிக்கி!"

மகள் நீட்டியதை இடது கையில் வாங்கினாள். வாங்கிய கை கனத்தில் சற்றுத் தாழ்ந்தது. அவள் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

கழிவுக் குழாயை ஒரு கண்ணில் வைத்துப் பார்த்தால் மறுபக்கம் வானம் தெரியும். அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள், தெரியவில்லை. கட்டைவிரலால் முனையைத் தடவினாள். இரண்டு முனையும் களிமண் வைத்து அடைத்திருந்தது. நடுவில், காகிதத்தைத் துளைத்துக்கொண்டு பூந்தியின் பால்பல் குத்தி நின்றது. பல் இறங்கிய ஓட்டையிலிருந்து சாம்பல் நிறத் தூள் அவள் உள்ளங்கையில் கொட்டியது.

வலது கையில் இருந்த குழாய்களையும் அதையும் அடுப்பைவிட்டுத் தூரமாகக் கீழே வைத்தாள். போடவில்லை, மெதுவாகக் குனிந்து வைத்தாள்.

"டீச்சர், புள்ளயப் பிடிங்க."

குரல் அவள் குரலாகவே இல்லை. மகளைச் சுவருக்கு மேலாகத் தூக்கி என்மேல் போட்டாள். பின்னாலேயே பூந்தியையும் போட்டாள். நான் பிள்ளையோடு கீழே உட்கார்ந்துவிட்டேன். அண்டா புரளுகிற சத்தம் கேட்டது, தண்ணீர் நெருப்பில் விழுந்து சீறியது, அதற்குமேல் முருகேஸ்வரியின் அலறல். கர்த்தரே, கர்த்தரே என்பதைத் தவிர எனக்கு எதுவும் வாயில் வரவில்லை.

வேறு சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தபோது முற்றமெல்லாம் ஆவி. கொதிக்கத் தொடங்கியிருந்த தண்ணீரில் இரண்டு பாதமும் வெந்துபோய் அவள் அங்கேயே நின்று, குச்சியால் ஈரச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பின் ஓரத்திலிருந்து ஒரு குழாய் உருண்டு வந்தது. அதன் காகிதம் ஒரு பக்கம் கருகியிருந்தது. அதிலும் இரண்டு முனையும் அடைத்திருந்தது.

அதைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். கையை என் பக்கம் நீட்டினாள்.

"மோந்து பாருங்க டீச்சர்."

முகர்ந்தேன். இத்தனை நாளாகப் பூந்தியின் வாயில் இருந்த அதே நாற்றம். பல் நாற்றமும் அதில் இருந்திருக்கும், ஆனால் அதற்குள் இதுவும் இருந்தது.

"மருந்துதான்" என்றேன்.

கொட்டகையில் முன்வரிசை மூட்டைகள் அவள் சுற்றிய வெறும் குழாய்கள். பின்வரிசை முழுக்க நிரப்பிய சரக்கு. ஒரு மூட்டையின் மூலையைப் பூந்தி கடித்துக் கிழித்து வைத்திருந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து தன் படுக்கைச் சாக்கில் சேர்த்திருக்கிறது. அந்தச் சாக்கிலிருந்துதான் தினமும் காலையில் அடுப்புக்குக் கை அள்ளியது.

டீக்கடையிலிருந்து திரும்பிய இசக்கிப்பாண்டி முற்றத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு நாளைக்குன்னுதான் சொன்னாக புள்ள. சோதன நடக்கு, ஓ வீட்டுல யாரும் பாக்க மாட்டாக, கொளாய் மூட்டையோட மூட்டையாக் கெடக்கட்டும்னாக. வருசம் பூரா லோடு தர்ற ஆளு கேக்கும்போது எப்பிடி மாட்டேங்கது?"

அவள் கத்தவில்லை. வெந்த காலோடு உட்கார்ந்தபடி சொன்னாள். "எடுத்துட்டுப் போங்க. நான் ஆசுபத்திரிக்குப் போயி வாரதுக்குள்ள ஒண்ணு இருக்கக் கூடாது."

போலீசுக்குச் சொல்கிறேன் என்று நான் போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் டீச்சர். உள்ள தூக்கி வச்சிருவாக. புள்ளைக்கு அப்பன் வேணும். சாமான் வீட்ட விட்டுப் போனாப் போதும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளையே ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். கால் கொப்பளித்துக் கிடப்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

திரும்பி வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது, முற்றம் கழுவியிருந்தது. மகள் தலையில் கைவைத்து இசக்கிப்பாண்டி சத்தியம் செய்தான். "இந்தப் புள்ள மேல சத்தியமா, கொண்டுபோயிச் சேத்துட்டேன்." அன்று முதல் அவனே சமைத்தான், அவனே பாத்திரம் கழுவினான். "புண்ணு ஆறுற வரைக்கும் மாடிப்படி ஏறாத. கொளாய் காயப்போடுறதும் வேணாம், ஆர்டரத் திருப்பிக் குடுத்துரலாம்" என்றான். வெந்நீர் அடுப்பை அவள் ஆள்விட்டு இடிக்கவைத்தாள், கேஸ் அடுப்பிலேயே தண்ணீர் சுட்டது. சாயங்காலத்தில் இரண்டு காலிலும் துணிக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, "மனுசன் பயந்துட்டாரு டீச்சர். இனி ஒளுங்கா இருப்பாரு" என்பாள்.

மற்றப் பக்கத்துப் பால்பல்லை சாலமன்ராஜ் மயக்கம் கொடுத்து எடுத்துவிட்டார். நான்தான் பூந்தியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஈறைச் சுத்தம் செய்து, வேர் முழுசாக வந்திருக்கிறது என்று காட்டினார். "இனி வாய் நாறாது, கவலைப்படாதீங்க" என்றார். பிடுங்கிய பல்லையும், குழாயிலிருந்து எடுத்துவைத்திருந்த பல்லையும் அழகுமீனா சாணியில் பொதிந்து வெளியே நின்றபடி மாடிக்கு எறிந்தாள். கூரைக்குப் பதில் அவர்களுக்கு மொட்டைமாடிதானே. பிள்ளைக்கு அதில் பெரிய நிம்மதி.

அதற்குப் பிறகு பூந்தி அடிக்கடி மாடிப்படி ஏறத் தொடங்கியது. வெளிப்படியில் குதித்துக் குதித்து ஏறி மேலே போனால் வெகுநேரம் வராது.

"தம் பல்லத் தேடிப் போகுது" என்றாள் அழகுமீனா.

தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், சனிக்கிழமை. வெயில் தாருரோட்டை உருக்குகிற மாதிரி அடித்தது. எனக்குப் பள்ளி இல்லை. பூந்தி சுவரடி ஓட்டை வழியாக வந்து ஜில்லியோடு புரண்டு விளையாடிவிட்டு என் மடியில் ஏறி முகத்தை நக்கியது. அதைத் தள்ளப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

அதே நாற்றம்.

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சிவப்பாக, சுத்தமாக இருந்தது. கோரைப்பல் ஒற்றையாக, வெள்ளையாக நின்றது. இடுக்கு இல்லை, சிக்கிய சோறு இல்லை. மீசை ரோமம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. சாம்பலுக்கு அந்த வீட்டில் இப்போது அடுப்பே கிடையாது.

சுவரண்டை போய் நின்றேன். முருகேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பூந்தியைத் தூக்கிக் காட்டினேன்.

"பூந்தி வாய் நாறுது."

"பல்லா டீச்சர்?"

"பல்லுதான் இல்லையேடி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பி மாடிப்படியைப் பார்த்தாள். கீழேயிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டியின் கறுப்பு முதுகும், அதற்குப் பக்கத்தில் ஒரு நீலத் தார்ப்பாயின் ஓரமும் தெரிந்தன. கால் வெந்தவள் ஏற முடியாத ஒரே இடம் அந்த வீட்டில் அதுதான். உச்சி வெயில் நேராக அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

வெங்காயத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ ஏறாதே, நான் ஆள் கூப்பிடுறேன்" என்றேன்.

"ஆளு வர்ற வரைக்கும் வெயிலு நிக்குமா? புள்ளயக் கூட்டிக்கிட்டுத் தெருமுனைக்குப் போங்க. எல்லா வீட்டுலயும் சொல்லிக்கிட்டே போங்க. யாரும் அடுப்புப் பத்தவைக்க வேணாம்."

துணிக்கட்டுக் காலை ஒவ்வொரு படியாக வைத்து ஏறினாள். நான் ஜில்லியை இடுக்கிக்கொண்டு, பிள்ளையை முன்னால் ஓடவிட்டு, கதவு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினேன். பூந்தி எங்கள் பின்னாலேயே ஓடிவந்தது. ஆட்கள் போட்டது போட்டபடி தெருமுனைக்கு வந்தார்கள். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. எல்லாரும் அந்த மாடியையே பார்த்தோம். தார்ப்பாய் ஒதுங்குவது தெரிந்தது. அவள் தலை தெரிந்தது, குனிந்தது, மறுபடி தெரிந்தது.

அப்போதுதான் இசக்கிப்பாண்டி வண்டியோடு வந்தான். கூட்டத்தைப் பார்த்து இறங்கினான்.

"என்ன தாயி, ஒங்கம்மா எங்க?"

"மாடில நிக்காகப்பா" என்றாள் அழகுமீனா.

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுவான் என்று நினைத்தேன். எந்த மனுசனாக இருந்தாலும் ஓடியிருப்பான். அவன் இரண்டு அடி எடுத்து வைத்தான், பிறகு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போ, போய் அவளை இறக்கு" என்று கத்தினேன்.

"டீச்சர், அம்புட்டும் வெயில்ல கெடந்த சரக்கு" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காக இவனை நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை.

தண்ணீர் வந்தது. தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். மாடி நிறைந்து, படிவழியாக இறங்கி, வாசலைத் தாண்டித் தெருவில் ஓடியது. முதலில் தெளிவாக வந்தது, பிறகு சாம்பல் நிறமாக வந்தது. வெகுநேரம் அப்படியே ஓடியது.

கடைசியில் அவள் இறங்கி வந்தாள். இடுப்புவரை நனைந்து, கட்டு அவிழ்ந்து, முழங்கைவரை சாம்பல் பூசி நடந்து வந்தாள். சனங்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். யாரோ அழுதார்கள், நான்தானோ என்னவோ. அவள் புருசனைத் தாண்டி மகளிடம் வந்தவள், மகள் மடியைப் பார்த்துச் சட்டென்று நின்றாள்.

இவ்வளவு நேரமும் நாங்கள் அத்தனை பேரும் மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அழகுமீனா மடியில் பூந்தி சுகமாகப் படுத்து எதையோ கடித்துக்கொண்டிருந்தது. என் முற்றத்தில் ஜில்லிக்குப் போட்டுவைத்திருந்ததைக் கவ்வி வந்திருக்க வேண்டும், அதன் வாயில் ஒரு குழாய் இருந்தது.

"அசையாத தாயி" என்றாள் முருகேஸ்வரி. ஈரத் தரையில் மண்டியிட்டாள். பூந்தியின் தாடைக்கு இரண்டு பக்கமும் விரலைக் கொடுத்து, "குடு தங்கம், எங்கிட்டக் குடு" என்று கெஞ்சினாள். பூந்தி விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டியது, பல்லை இன்னும் இறுக்கியது. பிறகு விட்டது.

அதை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். எழுந்து போய், சக்கரத்தில் சாய்ந்து கிடந்தவனின் கையைப் பிடித்து விரித்து, அதில் வைத்து, விரல்களை மூடினாள்.

"இனி எங்க கொண்டுபோயி வேணும்னாலும் வச்சுக்கோங்க. எங்க வீட்டுல எடமில்ல."

அவன் அந்தக் கையைத் திறக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அவள் பூந்தியைத் தூக்கிக்கொண்டு பொதுக்குழாயடிக்குப் போய், தண்ணீரைத் திறந்து, அதன் வாயைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.